என்ன சோலியா இந்தப் பக்கம்?

நெய்க்காரப்பட்டியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆள் சைக்கிள் மிதித்தால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று சர்க்கரை, இன்னொன்று கடன். டாக்டர் மிரட்டிவிட்டார் என்று பாதி ஊரும், வண்டியை அடகு வைத்துவிட்டான் என்று மீதி ஊரும் பேசிக்கொள்ளும். வாய்க்காலோரமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகலாமே என்று ஒருவனுக்கு ஆசை வரக்கூடும் என்பதை என் வீட்டிலேயே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரைச் சொல்லி என்ன பயன்?

அந்த ஆசை எனக்குத் தானாக வந்ததும் இல்லை. பிரான்ஸிலிருந்து வந்தது. மச்சான் மகன் துலூஸ் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். பிள்ளைக்குப் பழனியில் மொட்டை போட வந்தவன், சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்து போனில் படம் காட்டினான். ஒரு வாய்க்கால். இரண்டு கரையிலும் மரம். கரை மேல் வழவழவென்று ஒரு பாதை. அதில் என் வயதுக்காரர் ஒருவர், என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய தொந்தியோடு, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறார். பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் அவர் வீட்டுக்கார அம்மா. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள் என்றால் அந்தத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

“இவங்க எங்கடா போறாங்க?”

“எங்கயும் இல்ல மாமா. சும்மா. பத்து நாள் லீவு போட்டுட்டு வாய்க்கா ஓரமாவே மிதிச்சுட்டுப் போவாங்க. ராத்திரி ஏதாச்சும் ஊர்ல தங்கிக்குவாங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. என் வீட்டில் அபாயச் சங்கு அப்படித்தான் ஊதும்.

அந்த வாய்க்காலின் பெயர் கனால் து மிதி. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் ஓரம் வரை 240 கிலோமீட்டர். 1666இல் வெட்ட ஆரம்பித்து 1681இல் திறந்திருக்கிறார்கள். வெட்டிய பியேர் போல் ரிக்கே இஞ்சினியர் இல்லை. உப்பு வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஆள். மேட்டைத் தாண்டிப் படகு போக வேண்டும், மேட்டின் உச்சியிலோ தண்ணீர் கிடையாது. அதற்கு அவர் பக்கத்துக் கறுப்பு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளையெல்லாம் வளைத்து உச்சிக்குக் கொண்டுவந்தார். கோடைக்கு வேண்டுமென்று சான் ஃபெரியோல் என்ற இடத்தில் ஒரு அணையும் கட்டினார். அரசாங்கப் பணம் போதாமல் தன் சொத்தையும் போட்டு, கடனாளியாகி, திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது 1680இல் செத்தும் போனார். இதை நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னேன். அணை கட்டினது, ஓடையை வளைச்சது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். காண்ட்ராக்டர் கைக்காசைப் போட்டு வாய்க்கால் வெட்டினார் என்ற இடத்தில் மட்டும், “அண்ணா, டீ ஆறுது, குடிங்க” என்று சொல்லிவிட்டார்கள்.

கரையில் பாதை எப்படி வந்தது என்பதுதான் இதில் சுவாரசியம். அந்தக் காலத்தில் படகுக்கு மோட்டார் ஏது? கரையில் குதிரை நடக்கும், கயிறு கட்டிப் படகை இழுக்கும். குதிரை நடக்கச் சமதளமான பாதை வேண்டும். பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது, 1980களின் இறுதியோடு சரக்குப் படகு நின்றே போனது. குதிரை போட்ட தடம் மிச்சம் இருந்தது. அதைத் தொந்திக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1996இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று பட்டயமும் கொடுத்துவிட்டது. லுவார் என்ற ஆற்றோரம் போகும் சைக்கிள் தடம் இதைவிட நீளம், 900 கிலோமீட்டர். வழி நெடுக ராஜாக்கள் கட்டிய அரண்மனைகள். பிரியார் என்ற ஊரில் அந்த ஆற்றுக்கு மேலே 662 மீட்டருக்குப் பாலம் கட்டி, பாலத்து மேல் வாய்க்காலை விட்டு, வாய்க்காலில் படகை ஓட்டுகிறார்கள். 1896இல் திறந்ததாம். எங்கள் தெருவில் சாக்கடைக்கு மேல் பாலம் போட எத்தனை மனு எழுதினேன் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

நம்மிடமும் படகு போன வாய்க்கால் இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாரதிதாசன் பாட்டாகவே எழுதியிருக்கிறார். பிரான்ஸ்காரன் ஆண்ட புதுச்சேரியில் பிறந்த மனிதர், வாய்க்கால் மோகம் இருந்திருக்கும். வித்தியாசம் என்னவென்றால் அங்கே கயிறு பிடித்துப் படகை இழுத்தது குதிரை, இங்கே ஆள்.

மச்சான் மகன் ஊர் திரும்பியதும் நான் தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தேன். எங்கள் ஊர் பழனி உடுமலைச் சாலை மேலேயே இருக்கிறது. (சேலத்தில் ஒரு நெய்க்காரப்பட்டி உண்டு. கூகுள் மேப்பை நம்பி வருகிறவர்கள் ஜாக்கிரதை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு குடும்பம் அங்கே போய் நின்றுகொண்டு எங்களைத் திட்டியது.) தெற்கே கொடைக்கானல் மலை. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரை மறிக்க அடிவாரத்தில் வரிசையாக அணைகள்: வரதமாநதி 66 அடி, பாலாறு பொருந்தலாறு 65, குதிரையாறு 80. மேற்கே கொஞ்சம் தள்ளிப் போனால் காமராஜர் காலத்து அமராவதி அணை, 90 அடி. பாலாறு, பொருந்தலாறு, வரட்டாறு முதலான ஆறு ஓடைகள் சேர்ந்து சண்முக நதி. அது அலங்கியத்துப் பக்கம் அமராவதியில் சேர்கிறது. குதிரையாறு கொழுமத்தில் அமராவதியில் விழுகிறது. அமராவதி கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலுக்குப் போகிறது.

பென்சிலை வைத்துவிட்டு யோசித்தேன். தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகவே தண்ணீர் பக்கத்திலேயே போகிறவனும் மேடு ஏற வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்தால் பூம்புகார் வரைக்கும் இறக்கம்தான். தொந்தி வைத்தவனுக்கு இதைவிட அனுசரணையான பௌதிகம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

“திரும்பி வர்றப்ப?” என்றாள் என் மனைவி. அவள் பத்தாவதில் பௌதிகத்தில் என்னைவிட மார்க் அதிகம்.

பழனியில் போய்ச் சைக்கிள் வாங்கினேன். இருபத்தொரு கியர். வீட்டு முன்னால் நிறுத்தியதும் அக்கம்பக்கம் கூடிவிட்டது. நிறுத்தியதும் என்று சொன்னேனே தவிர, நிறுத்த முடியவில்லை. அதற்கு ஸ்டாண்டு கிடையாது. சுவரில் சாய்த்தேன். மனைவி ஒரு சுற்று வந்து பார்த்தாள்.

“கேரியர் எங்க?”

“இந்த மாதிரி சைக்கிளுக்கு அதெல்லாம் இருக்காது.”

“மட்கார்டு?”

“இருக்காது.”

“பெல்லு?”

“தனியா வாங்கிக்கணும்.”

“செயின் கவர் இல்ல, லைட்டு இல்ல. இத்தனை இல்லாததுக்கு எவ்வளவு குடுத்தீங்க?”

விலையைக் குறைத்துத்தான் சொன்னேன். அப்படியும் அவள் பேசாமல் மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினாள். மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அங்கே நின்றது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, எல்லாம் இருந்தது. விலை பூஜ்யம்.

மறுநாள் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் கைக்குப் போனது என் இருபத்தொரு கியர். அவர் அந்தச் சைக்கிளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. கேரியர் மாட்டினார். கேரியருக்குத் தோதாக மட்கார்டு மாட்டினார். ஸ்டாண்டு மாட்ட இடமில்லாமல் எங்கேயோ ஒரு போல்ட்டைக் கழற்றி எதையோ வளைத்து அதையும் மாட்டினார். பால்காரர் மணி ஒன்று மாட்டினார். “முன்னால எலுமிச்சம்பழம் கட்டிருங்ணா, கண்ணு படும்” என்றார். எல்லாம் முடிந்து தூக்கிப் பார்த்தேன். மகளுடைய இலவச சைக்கிளைவிட கனமாக இருந்தது. கியரில் பாதி கேரியர் கம்பியில் மாட்டிக்கொண்டு மாறவே மறுத்தது. எனக்கு எந்தக் கியரும் தெரியாது என்பதால் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

ஒரு நல்ல நாளில் கிளம்பினேன். மகன் வற்புறுத்தித் தலையில் ஹெல்மெட் போட்டுவிட்டான், நீல நிறம், ஓட்டை ஓட்டையாக. வாசலில் மனைவி ஒரு பையோடு நின்றாள்.

“சும்மா போறதுக்கு, வர்றப்ப ரெண்டு கிலோ உருண்டை வெல்லம். தோட்டத்துல அண்ணன்கிட்ட பத்துத் தேங்கா கேட்டிருக்கேன். கரண்டு பில்லு கார்டு உள்ள இருக்குது, ஆபீஸ் தெறந்திருந்தா கட்டிருங்க.”

கேரியரில் பை. பிரெஞ்சுக்காரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் புகாத பைகள் தொங்கவிட்டுக்கொண்டு போவதைப் படத்தில் பார்த்திருந்தேன். அதில் துணி, கூடாரம், ஒயின் பாட்டில் எல்லாம் இருக்குமாம். அந்த வித்தையை எங்கள் பக்கத்துப் பால்காரர்கள் அவர்களுக்கு முன்பே செய்தவர்கள். இரண்டு பக்கமும் கேன், நடுவில் ஒரு கேன், ஹேண்டில்பாரில் அளவுப் படி. பாப்பம்பட்டியிலிருந்து பழனி வரை, மழையானாலும், சொட்டுச் சிந்தாமல். வழியில் சண்முக நதித் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள் என்பது கேள்விப்பட்ட செய்தி. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது, அதில் ஏறின பால்காரர்கள் இன்னும் இறங்கவில்லை. சைக்கிளில் நீண்ட தூரம் போகத் தெரிந்த ஒரு பரம்பரை அத்தோடு முடிந்தது.

தெருமுனை திரும்புவதற்குள் முதல் கேள்வி.

“ஏனுங்ணா, வண்டி என்னாச்சு?”

“வண்டி நல்லாத்தான் இருக்குது.”

“பெட்ரோல் தீந்துருச்சுங்களா?”

“இல்லப்பா. சும்மா இப்படி வாய்க்கா ஓரம் போயிட்டு வரலாம்னு.”

அவர் முகத்தில் கவலை வந்தது. “சுகர் எவ்வளவுங்ணா இருக்குது?” என்று கேட்டார். நிஜமான அக்கறையோடு. தனக்கு எவ்வளவு என்பதையும், சாப்பிட்டதற்கு முன், பின் என்று பிரித்துச் சொன்னார். வெந்தயம் சொன்னார். பாப்பம்பட்டிச் சாலை வருவதற்குள் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு எல்லாம் கிடைத்துவிட்டன. ஒருவர் மட்டும் வெந்தயம் வேண்டாம் என்றார். அவருக்குக் கடன் சந்தேகம். “எதுவா இருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க மாமா” என்று சொல்லிக் கையை அழுத்தினார்.

வாய்க்கால் கரை ஏறினேன். அங்கே நான் எதிர்பார்த்தது நிம்மதி. தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. குதிரையாற்றுத் தண்ணீர், கலங்கல் தெளிந்து, பாசி படிந்த கல் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் கரும்பு. மடைப் பக்கத்தில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். மீன்கொத்தி ஒன்று கம்பியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு என்னை எதுவும் கேட்கவில்லை. மேற்கே ஐவர்மலை. அங்கே பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870இல், வெட்டிய கல்வெட்டும் இருக்கிறது. சமண முனிவர்கள் வாகனம் ஏற மாட்டார்கள். எங்கு போனாலும் நடைதான். அவர்களை அந்தக் காலத்தில் யாராவது சுகரா என்று கேட்டிருப்பார்களா?

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வாய்க்காலில் படகும் ஓடியதில்லை, குதிரையும் நடந்ததில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் விட வெட்டியது. கரை மேல் உத்தியோக முறையில் போக வேண்டிய ஆள் ஒருவர்தான், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர். அவருக்கு அப்புறம் மாடு, ஆடு, டிராக்டர். இவர்களில் யாரும் டயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இல்லை என்பதால் கரை நெடுக சீமைக்கருவேலம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கிறது. பிரான்ஸில் அந்தக் கனால் து மிதி ஓரம் பிளேன் என்ற மரம் 42,000 வைத்திருந்தார்கள். 2006இலிருந்து அதற்குப் பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளுகிறார்கள், அழாத குறை. அப்படி ஒரு பூஞ்சை நம் கருவேலத்துக்கு வரக்கூடாதா?

என் நீல ஹெல்மெட் கரையில் ஒரு மாற்றத்தை உண்டாக்கியது. நான் வருவதைத் தூரத்தில் பார்த்ததும் ஒரு மோட்டார் நின்றது. இன்னும் கொஞ்சம் போனேன், இன்னொரு மோட்டார் நின்றது. கரைக்குக் குறுக்கே கிடந்த பச்சை ஓஸ் ஒன்று, பாம்பு ஊர்கிற மாதிரி, என் கண் முன்னாலேயே கரும்புக்குள் போய் மறைந்தது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலம். தன் முறை இல்லாத நாளில் வாய்க்காலில் ஓஸைப் போட்டு இழுப்பவர்கள் என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் பயந்து நான் கண்டதில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன்.

மதகடியில் லஸ்கரே உட்கார்ந்திருந்தார். ஷட்டரின் திருகுக் கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். விரலால் எடுத்து, மரை மரையாக, ஒரு இடம் விடாமல். பக்கத்தில் துணி, பீடிக்கட்டு, சாவி. கிரீஸ் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“எந்த டிவிஷன் சார்?”

“நான் அதெல்லாம் இல்லீங்க. நெய்க்காரப்பட்டி.”

“அப்புறம் என்ன சோலியா இந்தப் பக்கம்?”

“சும்மா. வாய்க்கா ஓரமா சைக்கிள்ல.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தக் கரையில் நடக்கிறவர். சம்பளம் வாங்கிக்கொண்டு நடக்கிறவர். சம்பளமில்லாமல் ஒருவன் இங்கே வருவான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. “வீட்ல ஏதாச்சும் சண்டைங்களா?” என்றார் மெதுவாக. பீடி ஒன்றை நீட்டினார்.

லஸ்கரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் பயணம் என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும். சந்தை, கல்யாணம், எழவு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் முருகன். முருகன் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் நடந்து வருகிறார்கள். எடப்பாடிக்காரர்கள் மானூர் சண்முக நதிக்கரையில் தங்கி, மலையேறி, மலை மேலேயே ராத் தங்குகிற உரிமை உள்ளவர்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி குன்றக்குடி வழியாக நடந்தே வருகிறது. சாலையோரம் தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், கால்வலிக்குத் தைலம். யாராவது அவர்களை “வண்டி என்னாச்சு?” என்று கேட்டதுண்டா?

இதைக் கவனித்த பிறகு அடுத்த முறை பச்சை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஹேண்டில்பாரில் ஒரு மயிலிறகும் செருகினேன். பலன் உடனே தெரிந்தது. ஒரு கேள்வி இல்லை. “சாமி, மோர் குடிச்சுட்டுப் போங்க” என்று தோட்டத்துக்குத் தோட்டம் செம்பு வந்தது. ஒரு பாட்டி சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாலாறு அணைப் பக்கம் பொருந்தல் வரை அப்படியே போனேன். 2009இல் பேராசிரியர் ராஜன் குழுவினர் அகழாய்வு செய்த இடம். நாலு கால் வைத்த ஜாடி ஒன்றில் இரண்டு கிலோ நெல் கிடைத்தது, சோதித்துப் பார்த்தால் கி.மு. 490 என்று வந்தது. அந்த நெல்லைப் பற்றி யோசித்துக்கொண்டே திரும்பும்போது பசித்தது. பரோட்டாக் கடை வாசலில் காலை ஊன்றி, “ஒரு ஆம்லெட்” என்றேன். கல்லில் கரண்டி நின்றது. கடைக்காரர் மயிலிறகைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாமிக்குத் தயிர்சாதம் பார்சல் வாங்கித் தரட்டுங்களா?” என்றார். பக்தி வேடம் எனக்குச் சரிப்படாது என்று அன்றைக்கே அதை அவிழ்த்து வைத்தேன்.

லஸ்கரை விட்டுக் கிளம்பின நாளுக்கே வருகிறேன். கொஞ்ச தூரத்தில் வெல்ல ஆலை. எங்கள் ஊர் வெல்லத்துக்குப் பேர்போன ஊர். ஓணம் நெருங்கினால் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகும். ஆலைக் கொட்டாயில் பெரிய கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு எரிப்பது காய்ந்த கரும்புச் சக்கை. ஒருவர் விடாமல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் நீளக் கரண்டியால் அழுக்கு நுரையை ஒதுக்கி ஒதுக்கி எடுக்கிறார். பதம் பார்க்கிறவர் பேசுவதில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து, பாகில் ஒரு தொடு, மறுபடி தண்ணீரில். உருட்டிப் பார்த்தார், தலையசைத்தார். அவ்வளவுதான், கொப்பரை இறங்கியது. கொட்டாய்க்குள் போனவன் கரும்புப்பால் குடிக்காமல் வெளியே வர முடியாது. அது மரியாதை இல்லை. ஒரு சொம்பு குடித்தேன். சூடாக ஒரு கை வெல்லம் கொடுத்தார்கள். அதையும் தின்றேன். அப்புறம்தான் அங்கிருந்தவர்களில் ஒருவர் கேட்டார், “சுகருக்குத்தானுங்களே சைக்கிள் ஓட்டறீங்க?”

கிளம்பிக் கொஞ்சம் போனதும் பின்சக்கரம் தடதடத்தது. இறங்கிப் பார்த்தால் முள். ஒரு முள் இல்லை, குடும்பமாக இறங்கியிருந்தது. என் சைக்கிளின் டியூபுக்கு வால்வு வேறு மாதிரி என்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. எந்தப் பஞ்சர் கடை பம்பும் அதற்குப் பொருந்தாது. பத்துத் தேங்காயை மைத்துனர் தோட்டத்தில் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது, வெல்லமும் வாங்கியாகிவிட்டது. பூம்புகார் வரை இறக்கம் என்று போட்ட கணக்கில் வீடு திரும்புகிற வழி ஏற்றம் என்பதைச் சேர்க்கவில்லை. தள்ளினேன். வெயில் ஏறிவிட்டது. வெல்ல மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த சின்ன லோடு வண்டிக்காரர் நிறுத்தினார்.

மனைவிக்குப் போன் போட்டேன். “குட்டியானைல வந்துட்டிருக்கேன்.”

“யானையா? எங்கயாச்சும் மரத்து மேல ஏறுங்க!” என்று அலறினாள். அவளைச் சொல்ல முடியாது. குதிரையாறு, பாப்பம்பட்டிப் பக்கத்துத் தோப்புகளில் காட்டு யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். அந்த வாரம்கூட ஒரு தோப்பில் இறங்கியிருந்தது. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

வீடு வந்து சேரும்போது என் மைத்துனர் வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே காபி. அவர் முகம் சரியில்லை. கரையில் என்னைப் பார்த்தவர்கள் அவருக்குச் சொல்லி, அவர் தங்கைக்குச் சொல்லி, தங்கை யானை என்று சொல்லி, அவர் கிளம்பி வந்திருக்கிறார். நான் இறங்குவதைப் பார்த்து எழுந்து, ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், “மாப்ள, எவ்வளவு தேவைன்னு மட்டும் சொல்லுங்க. வட்டியெல்லாம் வேண்டாம்” என்றார்.

வாங்கிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். மகளுடைய இலவச சைக்கிளின் டியூபுக்கு எந்தக் கடையிலும் பம்பு உண்டு என்பதால் இப்போது அதைத்தான் ஓட்டுகிறேன். முன்கூடை நல்ல வசதி.

நீர்வளத் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். அரண்மனை வேண்டாம், ஆற்றுக்கு மேல் பாலமும் வேண்டாம். வாய்க்கால் கரையில் கருவேலத்தை வெட்டி, ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குக் கிராவல் கொட்டினால் போதும். கரை உறுதியாகும், லஸ்கருக்கும் முள் குத்தாது. பழனிக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைக்காரருக்கும் மோர்க்காரருக்கும் வியாபாரம். எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “அதுல தெருச் சாக்கடைப் பாலத்தையும் சேத்துருங்க” என்றாள். சேர்த்திருக்கிறேன்.

வாசகர்களில் யாருக்காவது ஆசை வந்தால், ஐப்பசி மழை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது வாருங்கள். நெய்க்காரப்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து பாப்பம்பட்டிச் சாலை, அங்கிருந்து கரை. மலையடிவாரத்துக்கு இருட்டோடு போகாதீர்கள். ஹெல்மெட்டைக் கரை வந்ததும் கழற்றிவிடுங்கள், மோட்டார் ஓடட்டும். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை மாட்டி, அதில் நாலு கத்தரிக்காயாவது போட்டுக்கொள்ளுங்கள். பை தொங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை.